ஒரு வருஷம் பார்க்கறதையெல்லாம் எதுல பதியறது? நோட்டு, ஷீட், இபேர்ட், ஐநேச்சுரலிஸ்ட்

தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து இந்த கேள்வி அடிக்கடி வருது. "எங்க ஊர் ஏரிக்கு தினம் வாக்கிங் போறேன் சார், இந்த வருஷம் பார்க்கற பறவை, பாம்பு, பட்டாம்பூச்சி எல்லாத்தையும் எழுதி வெக்கலாம்னு இருக்கேன், எந்த ஆப் நல்லது?" ஒருத்தர் பறவைக்கான இபேர்ட் ஆப் போடுங்கறார், இன்னொருத்தர் எல்லா உயிருக்குமான ஐநேச்சுரலிஸ்ட் ஆப்தான்ங்கறார், வயசானவங்க யாராச்சும் இருந்தா நோட்டுல எழுதுப்பா போதும்னு முடிச்சிடறாங்க, கேட்டவர் மூணையும் ஆரம்பிச்சிட்டு பொங்கல் முடியறதுக்குள்ள மூணையும் விட்டுடறார்.

ஆப்ல குறை இல்ல. நமக்கு என்ன தெரியணும்னு முடிவு பண்ணாம கருவியை தேடறதுதான் சிக்கல். இதுல ரெண்டு கேள்வி ஒண்ணா கலந்து கெடக்கு:

1. எங்க ஊர்ல என்னென்ன இருக்கு?
2. எது எப்ப வருது, எப்ப போகுது, எந்த மாசம் கூடுது, எந்த மாசம் காணோம்?

முதல் கேள்விக்கு ஒரு போட்டோ போதும். ரெண்டாவதுக்கு போட்டோ போதாது, ஏன்னா அதுல நீங்க போய் பார்த்தும் கெடைக்காத நாளும் கணக்குல வரணும். ஒரு உதாரணம் சொல்றேன். கிருஷ்ணகிரி அணை (கேஆர்பி டேம்) வாய்க்கா ஓரமா செப்டம்பர்ல சாம்பல் வாலாட்டி ஒண்ணை போட்டோ எடுக்கறீங்க. அது அன்னைக்குதான் வடக்க இருந்து வந்து இறங்குச்சா, இல்ல ஆகஸ்ட் கடைசியிலயே வந்திருச்சு நீங்கதான் அந்தப் பக்கம் போகலையா? அந்த போட்டோவை எத்தனை தடவை பெருசாக்கி பார்த்தாலும் பதில் வராது. ஆகஸ்ட்ல வாராவாரம் போய் "வாலாட்டி இல்ல"ன்னு எழுதி வெச்சிருந்தா வரும்.

"வருஷம் முழுக்க பதியணும்"னு ஆசைப்படறவங்க பெரும்பாலும் ரெண்டாவது கேள்வியைத்தான் மனசுல வெச்சிருக்காங்க, ஆனா கையில எடுக்கறது முதல் கேள்விக்கான கருவி. கீழ இருக்கறது எல்லாம் இந்த ஒரு விஷயத்தை சுத்திதான்.

## எதை வெச்சு எடை போடறது

"இல்ல"ங்கறதை பதிய முடியுமா. மேல சொன்னதுதான். எனக்கு இதுதான் முதல் அளவுகோல், மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம். கூடவே எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும் பார்த்தீங்க, எவ்ளோ தூரம் நடந்தீங்கங்கறதும் வேணும். அஞ்சு நிமிஷம் எட்டிப் பார்த்த நாளையும் ரெண்டு மணி நேரம் கரையிலயே சுத்தின நாளையும் ஒண்ணா வெச்சா கணக்கு கெட்டுடும்.

எல்லா உயிரும் அடங்குமா. சிலருக்கு பறவை மட்டும் போதும். சிலருக்கு முதல் மழைக்கு செம்மண்ல வர்ற தம்பலப்பூச்சி, தெருவிளக்குக்கு கீழ குமியற ஈசல், கெணத்து மேட்டுல தவளை சத்தம் எல்லாம் வேணும்.

டவர் இல்லாத எடத்துல வேலை செய்யுமா. அஞ்செட்டி, கொடகரை, பெட்டமுகிலாளம், சித்தேரி மலைப் பக்கம் போனவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல.

இடத்தை மறைக்க முடியுமா. இதை நிறைய பேரு யோசிக்கறதே இல்ல. நட்சத்திர ஆமை, அழுங்கு (எறும்புத்தின்னி), தேவாங்கு, ஆந்தைக் கூடு, இதெல்லாம் எந்த எடத்துலன்னு புள்ளி வெச்சு காட்டினா அதை ரசிக்க மட்டும்தான் ஆள் வருவாங்கன்னு நினைக்காதீங்க. ஆமையையும் அழுங்கையும் பிடிச்சு விக்கறதுக்கு ஆள் இருக்கு.

தப்பா பேர் வெச்சா திருத்த ஆள் இருக்கா. தனியா நோட்டுல எழுதறவங்களுக்கு இதுதான் பெரிய ஓட்டை.

வருஷக் கடைசியில திரும்ப எடுக்க முடியுமா. எழுதி வெச்சது இருக்கு, ஆனா "பிப்ரவரியில கூழைக்கடா எத்தனை தடவ வந்துச்சு"ன்னு கேட்டா ராத்திரி பூரா உக்காந்து பக்கம் புரட்டணும்னா அதுவும் ஒரு செலவுதான்.

காசு பத்தி தனியா சொல்லல, ஏன்னா கீழ இருக்கற ஆப் எல்லாமே இலவசம். போறது நேரமும் போன் பேட்டரியும்தான்.

## நோட்டு

நூறு பக்க லாங் சைஸ் நோட்டு, ஒரு பால்பாயிண்ட் பேனா இல்லேன்னா பென்சில். ஜெல் பேனா வேணாம், ஒரு தூறல் போதும், பக்கம் பூரா நீலமா ஓடிடும்.

நோட்டோட பலம் என்னன்னா அதுல எதை வேணாலும் எழுதலாம். "வேப்பமரத்துல ரெண்டு சாம்பல் இருவாச்சி, ஒண்ணு பழம் கொண்டாந்து இன்னொண்ணுக்கு குடுத்துச்சு"ங்கற மாதிரி விஷயத்தை விவரமா எழுத ஆப்ல தோதா இருக்காது (கமெண்ட்ல போடலாம், ஆனா போட மாட்டோம்). தூக்கணாங்குருவி கூடு எந்த வாரம் பாதி முடிஞ்சுது, எந்த வாரம் ஆண் குருவி அதை விட்டுட்டு புதுசு கட்ட ஆரம்பிச்சுது, மாம்பூ எப்ப விட்டுச்சு, பூவுக்கு என்ன பூச்சி வந்துச்சு, இதெல்லாம் நோட்டுலதான் இயல்பா வருது. "போனேன், ஒண்ணும் இல்ல"ன்னு எழுதறதும் இதுல ரொம்ப சுலபம்.

ராத்திரி ராகிக் கொல்லைக்கு காவல் இருக்கறவங்களுக்கு இதைவிட நல்ல வழி இல்ல. கர்நாடகாவுல இருக்கற பன்னார்கட்டா காட்டுப் பக்கம் இருந்து வர்ற யானைங்க ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு காடுன்னு சுத்தறது கிட்டத்தட்ட ராகி அறுப்போட ஒட்டித்தான் நடக்குது, அந்த மாசங்கள்ல பரண் மேல உக்காந்திருக்கற ஒரு விவசாயிக்கு எந்த தேதி எந்தப் பக்கமா எத்தனை உருப்படி வந்துச்சுன்னு அத்துப்படி. அவரை ஆப் திறக்கச் சொல்றது வேலைக்கு ஆகாது, கண்ணுல போன் வெளிச்சம் பட்டா அப்புறம் இருட்டுல எதுவும் தெரியாது. காலையில டீ குடிக்கும்போது ஒரு வரி எழுதினா போதும். வராத ராத்திரிக்கும் ஒரு வரி.

மறைஞ்சிருக்கற செலவு ரெண்டு. ஒண்ணு, பேர். "கொக்கு 12"ன்னு எழுதி வெச்சா ஆறு மாசம் கழிச்சு அது உண்ணிக்கொக்கா, சின்னக் கொக்கா, பெரிய கொக்கா, மடையானான்னு யாருக்கும் தெரியாது, எழுதின உங்களுக்கே தெரியாது. அலகு நிறம், கால் நிறம் ஒரு வார்த்தை சேத்து எழுதற பழக்கம் வரணும். ரெண்டாவது, ஒரே ஒரு பிரதி. மாசக் கடைசியில எல்லா பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்து ஒரு ஃபோல்டர்ல போட்டுடுங்க.

எப்ப நோட்டு நல்லது: நீங்க ஒரே எடத்தை தினமும் பார்க்கறவரா இருந்தா, போனை தூர வெக்கணும்னு நினைக்கறவரா இருந்தா, வீட்ல பசங்களையும் சேத்துக்க நினைச்சா.

## கூகுள் ஷீட்

இதுல ரெண்டு விதமா போடலாம், அதுல எது எடுக்கறீங்கங்கறதுதான் எல்லாத்தையும் தீர்மானிக்குது.

முதல் விதம், ஒரு பார்வைக்கு ஒரு வரி: தேதி, நேரம், எடம், உயிர், எண்ணிக்கை, குறிப்பு. எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. வடிகட்டி பார்க்க சுலபம். ஆனா பார்த்தது மட்டும்தான் வரியா வரும், பார்க்காதது வராது, அதனால கூடவே "போன நாள்"னு தனியா ஒரு ஷீட் வெக்கணும். அதை வெக்கலைன்னா முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில்.

ரெண்டாவது விதம், கட்டம் போட்ட வருஷக் கலெண்டர் மாதிரி. இடது பக்கம் மேலிருந்து கீழா ஒரு முப்பது நாப்பது உயிர், மேல குறுக்கா 52 வாரம். பார்த்தா எண்ணிக்கை, போயும் பார்க்கலைன்னா 0, அந்த வாரம் போகவே இல்லைன்னா காலியா விடணும். சைபரும் காலியும் ஒண்ணு இல்ல, இதை மட்டும் விட்டுடாம பிடிச்சா போதும். எண்ணிக்கை கட்டத்துக்கு மட்டும் கலர் போட்டா, தட்டைவாயன் வாத்து எப்ப வந்து எப்ப கிளம்பிச்சு, நாமக்கோழி எந்த வாரம் கூட்டமா இருந்துச்சுன்னு ஒரு பார்வையில தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு ஷீட்னா இந்த விதம்தான்.

ஷீட்ல இன்னொரு சௌகரியம், உங்க ஊருக்கு வேணுங்கற கட்டத்தை நீங்களே சேக்கலாம். கெலவரப்பள்ளி அணைக்கு போறவங்க தென்பெண்ணையில நுரை வந்த நாளுக்கு தனியா ஒரு கட்டம் வெக்கலாம். தொப்பூர் கணவாய்ல ரோட்ல அடிபட்டு கிடக்கறதை எழுதறவங்க வண்டி, நேரம், ரோட்டு எந்தப் பக்கம்னு வெக்கலாம். பாரூர் ஏரிக்கு போறவங்க தண்ணி எந்தப் படி வரைக்கும்னு வெக்கலாம், தண்ணி மட்டத்தை எழுதாம நீர்ப்பறவை எண்ணிக்கையை மட்டும் எழுதினா பாதி கதைதான் கெடைக்கும்.

மறைஞ்ச செலவு: எழுத்துப் பிழை. ஒருத்தர் "மைனா", ஒருத்தர் "மைணா", இன்னொருத்தர் "நாகணவாய்"னு போட்டா மூணு உயிர் ஆயிடும். பட்டியல்ல இருந்து தேர்ந்தெடுக்கற மாதிரி அமைச்சுடுங்க. அப்புறம் பேர் சரியான்னு சொல்ல இங்கயும் ஆள் இல்ல. ஏரிக்கரையில நின்னுக்கிட்டு போன்ல ஷீட் திறந்து சின்னச் சின்ன கட்டத்துல தட்டறது கொடுமை, வீட்டுக்கு வந்துதான் ஏத்தணும், வீட்டுக்கு வந்தா வேற வேலை வந்துடும்.

எப்ப நல்லது: பள்ளிக்கூடம், நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரே ஏரி, பறவை மட்டுமில்லாம தேர்ந்தெடுத்த சில உயிர்களோட வரவு போக்கு.

## இபேர்ட்

அமெரிக்காவுல கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002ல ஆரம்பிச்சது, இந்தியாவுல பேர்ட் கவுண்ட் இந்தியாங்கற அமைப்பு பாத்துக்குது. பறவைக்கு மட்டும்தான். பாம்பு பார்த்தேன் எங்க போடறதுன்னு கேக்காதீங்க.

ரெண்டாவது கேள்விக்கு இதுக்கு இணையா வேற ஆப் இல்லைன்னு தைரியமா சொல்வேன். காரணம் அது கேக்கற கேள்விங்க: எப்ப ஆரம்பிச்சீங்க, எவ்ளோ நேரம், எவ்ளோ தூரம், எத்தனை பேர், கடைசியா "நீங்க அடையாளம் கண்ட எல்லா பறவையையும் இதுல போட்டுட்டீங்களா?" இதுக்கு ஆமான்னு சொன்னா அது முழுப் பட்டியல், அதுல இல்லாத பறவையை அன்னைக்கு நீங்க பார்க்கலைன்னு அதுவே எடுத்துக்கும். "இல்ல"ன்னு தனியா தட்ட வேண்டிய வேலையே இல்ல. இங்க ஒரு குழப்பம் நிறைய பேருக்கு வருது, "எனக்கு எல்லா பறவையும் தெரியாதே, அப்ப எப்படி முழுப் பட்டியல்?" கேக்கறது அங்க இருந்த எல்லா பறவையும் இல்ல, உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சதுல எதையும் விடலையாங்கறதுதான். காக்காவும் தவிட்டுக்குருவியும் மைனாவும்னு போரடிக்கறதை விட்டுட்டு கூழைக்கடாவை மட்டும் போட்டுட்டு ஆமான்னு தட்டினாத்தான் தப்பு.

நெட் இல்லாத எடத்துலயும் ஓடும், நடந்த தடத்தை ஜிபிஎஸ்ல எடுத்துக்கும், டவர் வந்ததும் அனுப்பலாம். அந்தப் பகுதிக்கான பறவைப் பட்டியலை மட்டும் கெளம்பறதுக்கு முன்னாடி டவுன்லோட் பண்ணிக்கணும். வழக்கமில்லாத பறவையோ எண்ணிக்கையோ போட்டா ஆப் அப்பவே கொடி காட்டும், அப்புறம் அந்தப் பகுதியை பாத்துக்கற அனுபவசாலி ஒருத்தர் மெயில்ல "போட்டோ இருக்கா, எப்படி அடையாளம் கண்டீங்க"ன்னு கேப்பார். சிலருக்கு இது கோவம் வருது. எனக்கு இது பெரிய வசதியாத்தான் படுது, ஓசியில ஒரு வாத்தியார்.

செலவுப் பக்கம். ஒண்ணு, எண்ணணும். நூத்துக்கணக்குல நாமக்கோழி மெதக்கும்போது தலை சுத்தும், எக்ஸ்னு போட்டு இருந்துச்சுன்னு மட்டும் சொல்லலாம், ஆனா எண்ணிக்கை இல்லேன்னா கூடுதா குறையுதாங்கறது போச்சு, அதனால பத்து பத்தா கணக்கு போட்டாச்சும் ஒரு நம்பர் போடுங்க. ரெண்டு, எடம். கேஆர்பி டேம் மாதிரி பெரிய நீர்த்தேக்கத்துல ஒரு நாள் மதகுப் பக்கம், இன்னொரு நாள் எதிர்க்கரைன்னு மாத்தி மாத்தி நின்னா வருஷக் கடைசி ஒப்பீடு ஆட்டம் கண்டுடும், ஒரே கரை ஒரே பாதைன்னு வெச்சுக்கணும். மூணு, உங்க வீட்டு மொட்டைமாடியில இருந்து பட்டியல் போட்டா அந்தப் புள்ளி எல்லாருக்கும் தெரியும், அதனால புள்ளியை தெருமுனைக்கு தள்ளி வெச்சு ஊர் பேரை மட்டும் போடுங்க. நாலு, செத்துக் கிடந்த பறவையை இதுல சேக்கக் கூடாது.

கூடவே வர்ற மெர்லின் ஆப் சத்தத்தை வெச்சு பேர் சொல்லும். நல்ல துணை, ஆனா ஸ்க்ரீன்ல பேர் வந்ததாலயே பட்டியல்ல ஏத்தாதீங்க, நீங்க காதால கேட்டு ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம் ஏத்துங்க. கதிர்க்குருவிங்க விஷயத்துல இது ரொம்ப முக்கியம்.

எப்ப நல்லது: ராமாக்காள் ஏரி, பாரூர் ஏரி, கெலவரப்பள்ளி மாதிரி நீர்நிலைக்கு வாரம் ஒரு தடவையாவது போறவங்களுக்கு கண்ணை மூடிக்கிட்டு இதுதான். ஜனவரி நடுவுல பொங்கலை ஒட்டி பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், பதினஞ்சு நிமிஷப் பட்டியல் போதும், பழகிக்கறதுக்கு நல்ல சந்தர்ப்பம்.

## ஐநேச்சுரலிஸ்ட்

2008ல பெர்க்லி பல்கலைக்கழகத்துல மாணவர்கள் ப்ராஜெக்டா ஆரம்பிச்சது, 2023ல தனி லாபநோக்கமில்லாத அமைப்பா ஆயிடுச்சு. பூஞ்சை, சிலந்தி, புல், தவளை, யானை லத்தி வரைக்கும் எல்லாம் போகும். ஒரு உயிர், ஒரு எடம், ஒரு நேரம், முடிஞ்சா ஒரு போட்டோ இல்ல சத்தம். அதுவே என்னன்னு ஊகிக்கும், அப்புறம் ஆளுங்க வந்து பேர் சொல்வாங்க, குறைஞ்சது ரெண்டு பேர் சொன்னதும் மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துப்போனா "ரிசர்ச் கிரேட்", அதாவது ஆராய்ச்சிக்கு எடுத்துக்கற தரம்னு ஆகும்.

முதல் கேள்விக்கு இதை அடிச்சிக்க ஆள் இல்ல. வத்தல்மலையில பார்த்த ஒரு சிலந்திக்கு பேர் வேணும்னா நோட்டோ ஷீட்டோ ஒண்ணும் பண்ணாது, இங்க எங்கயோ இருக்கற ஒரு சிலந்தி ஆராய்ச்சியாளர் வந்து சொல்லிட்டு போவார். தென்மேற்கு மழை நேரத்துல நீல வரியன் பட்டாம்பூச்சிங்க கூட்டமா கடக்கறதை ஆளாளுக்கு போட்டோ போட்டா ஊர் ஊரா தேதி சேரும்.

ஆனா வருஷப் பதிவுக்கு இதை மட்டும் நம்பினா என்ன ஆகும்னா, போட்டோவுக்கு நிக்கறது மட்டும்தான் பதிவாகும். ஓணான், பச்சைப்பாம்பு, எலுமிச்சை அழகி நிறைய வரும். வானத்துல பறந்து போன தகைவிலான் வராது. தினம் பார்க்கற அணிலை ரெண்டாவது வாரம் யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க, பதிவை பார்த்தா ஜனவரிக்கு அப்புறம் உங்க தெருவுல அணிலே இல்லாத மாதிரி இருக்கும்.

இடம் மறைக்கறதுல இதுதான் நல்லது. ஆபத்துல இருக்கற உயிர்னு குறிக்கப்பட்டதுக்கு தானாவே புள்ளியை கலைச்சு வெக்கும், மத்ததுக்கு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கலைச்சா சுமார் 22 கிலோமீட்டருக்கு 22 கிலோமீட்டர் கட்டத்துக்குள்ள எங்கயோன்னுதான் மத்தவங்களுக்கு தெரியும், தேன்கனிக்கோட்டையா அஞ்செட்டியான்னு தோராயமா புரியும், எந்தப் பாறை எந்த ஓடைன்னு புரியாது. இதுல ஒரு ஓட்டை இருக்கு, கவனிங்க. நட்சத்திர ஆமையை மறைச்சு போட்டுட்டு, அதே நடையில பத்தடி தள்ளி எடுத்த வண்ணத்துப்பூச்சி, செடி எல்லாத்தையும் திறந்து வெச்சா, கொஞ்சம் மூளை இருக்கறவன் சேத்து பார்த்து கண்டுபிடிச்சிடுவான். மறைச்சா அந்த நடை முழுக்க மறைங்க.

மறைஞ்ச செலவு நேரம்தான். மழை விட்ட ராத்திரி டியூப்லைட்டுக்கு வர்ற அந்துப்பூச்சியை ஏத்த ஆரம்பிச்சா தூக்கம் போச்சு. ஆப் சொல்ற முதல் பேரை அப்படியே தட்டற பழக்கமும் வேணாம், நம்ம ஊர்ல இல்லாத அமெரிக்கப் பூச்சி பேரெல்லாம் அப்படித்தான் நுழையுது. தெரியலைன்னா "வண்டு"ன்னு மட்டும் போட்டா போதும். போட்டோவுக்கு என்ன உரிமம்னும் ஒரு தடவ செட்டிங்ஸ்ல பார்த்துடுங்க, வியாபாரமில்லாத பயன்பாட்டுக்கு எடுத்துக்கலாம்னுதான் அது தானா இருக்கும்.

எப்ப நல்லது: புதுசா ஆரம்பிக்கறவங்க, பூச்சி செடி ஆளுங்க, ரோட்ல அடிபட்டதை பதியறவங்க (உயிரோட இருக்கா செத்துதான்னு குறிக்க வசதி இருக்கு).

## வாட்ஸ்அப் குரூப், கேமரா ட்ராப்

வாட்ஸ்அப்பை பதிவுன்னு சொல்லவே கூடாது. சாதாரணமா அனுப்பற போட்டோவுல எடுத்த நேரம், எடம் எல்லாம் கழண்டுடும், மூணு மாசம் கழிச்சு தேடினா குட் மார்னிங்தான் கெடைக்கும். "நேத்து ராத்திரி ராயக்கோட்டை ரோட்ல சிறுத்தை"ன்னு வர்ற வீடியோ எந்த வருஷம் எந்த மாநிலம்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். யானை பக்கத்துல வந்திருக்கு, பசங்களை வெளிய விடாதீங்கன்னு சொல்றதுக்கு மட்டும் அது சரி.

கேமரா ட்ராப் (மிருகம் முன்னாடி வந்தா தானாவே போட்டோ எடுக்கற கேமரா) பத்தியும் கேக்கறாங்க. சொந்த கொல்லையில வெச்சுக்கலாம். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறதே குத்தம், கேமரா கட்டறது அதுக்கு மேல. இந்த மாதிரி காடு நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் நிறைய, 2014ல அறிவிச்ச காவேரி வடக்கு சரணாலயம் சுமார் 504 சதுர கிலோமீட்டர், 2022ல அறிவிச்ச காவேரி தெற்கு சுமார் 686. ரோடு, ஏரிக்கரை, கொல்லை, மொட்டைமாடி, இதுலயே ஒரு வருஷத்துக்கு வேணுங்கறது தாராளமா இருக்கு.

## ஒரே பார்வையில

| | நோட்டு | ஷீட் | இபேர்ட் | ஐநேச்சுரலிஸ்ட் |
|---|---|---|---|---|
| "இல்ல"ங்கறது பதியுமா | எழுதினா பதியும் | 0 போட்டா பதியும் | தானா பதியும் | பதியாது |
| எந்த உயிர் | எல்லாம் | எல்லாம் | பறவை மட்டும் | எல்லாம் |
| டவர் இல்லாம | ஓடும் | கஷ்டம் | ஓடும் | ஓடும், அப்புறம் ஏத்தணும் |
| பேர் திருத்த ஆள் | இல்ல | இல்ல | இருக்காங்க | நிறைய இருக்காங்க |
| இடம் மறைக்க | முழுசா உங்க கையில | பகிரலைன்னா பாதுகாப்பு | ஓரளவு | நல்ல வசதி |
| வருஷக் கடைசியில எடுக்க | சிரமம் | சுலபம் | சுலபம் | சுலபம் |
| உண்மையான செலவு | புரட்டற நேரம் | தட்டற நேரம் | எண்ணற பொறுமை | ஏத்தற நேரம் |

## யாருக்கு எது

ஏரிப் பக்கம் வீடு, பறவை மேல ஆசை: இபேர்ட், வாரம் ஒரே நாள், ஒரே பாதை. அக்டோபர்ல ராத்திரியில வந்து எறங்கி வீட்டுப் பின்னாடி களைச்சு உக்காந்திருக்கற ஆறுமணிக்குருவியை கூட ஒரு சின்னப் பட்டியலாவே போட்டுடலாம்.

ஓசூர்ல ஷிப்ட் வேலை, அபார்ட்மெண்ட், ஒழுங்கான நேரம் கெடையாது: ஐநேச்சுரலிஸ்ட். நேரம் சீரா இல்லாதவங்க ரெண்டாவது கேள்விக்கு போனா மனசு வெறுத்துடும். லீவு நாள்ல கெடைச்சதை போடுங்க.

போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வெச்சிருக்கறவங்க: நோட்டு. பூ விட்ட தேதி, தேனீ வந்த நாள், பிஞ்சு, அறுப்பு, கூடவே பறவையும் பூச்சியும். இது நாளைக்கு மருந்து அடிக்கற முடிவுக்கும் உதவும்.

பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கம் ஆசிரியரா இருந்தா: 52 வாரக் கட்டத்தை சார்ட்ல ஒட்டி பசங்களையே நிரப்ப விடுங்க. உயிர் பத்து போதும், எல்லாரும் சண்டையில்லாம அடையாளம் காணற பத்து. மரம்னா சீசன்வாட்ச்னு ஒண்ணு இருக்கு, ஒரே மரத்தை வாராவாரம் பார்த்து இலை, பூ, காய் எழுதறது, மாமரமும் புளியமரமும் அந்தப் பட்டியல்லயே வருது.

காட்டு ஓரம் குடியிருக்கறவங்க: நோட்டுதான் முதல்ல. யானை, சிறுத்தை, அழுங்கு சம்பந்தப்பட்டது எதையும் அதே நாள்ல வெளிய போடாதீங்க.

ரெண்டு கேள்வியும் எனக்கு வேணும்னு சொல்றவங்களுக்கு: ஏரிக்கு இபேர்ட், பேர் தெரியாத பூச்சிக்கும் செடிக்கும் ஐநேச்சுரலிஸ்ட், மத்ததுக்கு சட்டைப் பையில ஒரு சின்ன நோட்டு. நான் இப்படித்தான் ஓட்டறேன். எல்லாத்தையும் எல்லாத்துலயும் ஏத்தணும்னு மட்டும் கெளம்பாதீங்க, ஒரு பதிவு ஒரு எடத்துல இருந்தா போதும்.

ஜனவரி ஒண்ணாந்தேதிக்காக காத்திருக்கவும் வேணாம். ஜனவரியில ஆரம்பிச்சா வலசைப் பறவை எல்லாம் ஏற்கனவே வந்து உக்காந்திருக்கும், வந்த தேதியை பிடிக்க ஒன்பது மாசம் ஆகும். ஆவணியில ஆரம்பிச்சா முதல் வாலாட்டி, அப்புறம் தகைவிலான், வாத்துன்னு ஒவ்வொண்ணா வர்றதை பிடிச்சு, ஏப்ரல் வாக்குல கிளம்பறதையும் எழுதி, அடுத்த ஆடிக்குள்ள ஒரு முழுச் சுத்து முடிச்சிடலாம். நோட்டோ ஷீட்டோ, முதல் பக்கத்துல போட வேண்டிய தலைப்பு இவ்ளோதான்: தேதி, ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம், எடம், வானிலை, தண்ணி மட்டம், உயிர், எண்ணிக்கை (இல்லேன்னா 0), என்ன பண்ணிட்டிருந்துச்சு, எந்த அளவுக்கு உறுதி.